துணி கட்டாத பால்கனி

அன்று காலை எங்கள் வாசலில் நின்றவர்கள் இவர்கள்: நான், என் மனைவி, மகன், மருமகள், மேல்வீட்டு லிஃப்ட் மெக்கானிக், கோர்ட்டிலிருந்து வந்த ஒரு பெண். வேறு யாரும் இல்லை. போலீஸ் வந்தது, கூட்டம் கூடியது, நான் கையெடுத்துக் கும்பிட்டேன் என்றெல்லாம் சொல்கிறவர்கள் அங்கே இல்லை.

கோர்ட்டிலிருந்து வந்த பெண் என் மருமகளைவிட வயதில் சிறியவள். ஒட்டுகிற டேப்பை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். எங்கள் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை உண்டு. ஊரில் இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தபோது, பழைய வாசலிலிருந்து நானே கழற்றி எடுத்துவந்தது. அதை மறைக்காமல், அதற்குக் கீழே நோட்டீசை வைத்து, நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு ஏதோ சொன்னாள். அந்த மொழி எனக்கு வராது. மகனுக்கு வரும், ஆனால் அவன் நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்தான் சொன்னார்.

“ஐயா, இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணுமாம். வீட்டை பேங்க் ஏலம் விடப் போகுதாம்.”

“மொத்தக் கட்டடத்துக்கும்தானே?”

அவர் என்னைப் பார்க்காமல் நோட்டீசைப் பார்த்தார். “இல்லைங்க ஐயா. இந்த ஒரு வீட்டுக்குத்தான்.”

இந்த வீடு என் பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்து வாங்கியது. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. சாவியைக் கையில் கொடுத்து, பூங்கொத்தும் கொடுத்து, பத்திரம் மூன்றே மாதத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. கேட்டால் நில அலுவலகத்தில் தாமதம் என்று கட்டடக் கம்பெனியில் ஒரு குரல் சிரித்துக்கொண்டே சொல்லும். மகன் வேலை செய்வது பெயிண்ட் கடையில், கேட்கிற நிறத்தைக் கலந்து கொடுக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு நடையாய் நடந்தான். விரல் நகங்களில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் நிறத்தோடு வருவான். “இன்னிக்கும் இல்லைப்பா” என்பான். இரண்டு வருடம் இப்படிப் போனது. கட்டடம் எழும்பும் முன்பே நிலத்தைக் கம்பெனி பேங்கில் அடகு வைத்திருந்தது என்பது, கம்பெனியின் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது.

இதற்கு நடுவில் என் மைத்துனன் ஒருநாள் போனில் கேட்டான். சொந்த வீட்டை விற்காதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் எனக்குப் புத்தி சொன்னவன் அவன். “பத்திரம் கைக்கு வந்துடுச்சா அத்தான்?” என்றான். அந்தக் கேள்விக்குள் இருந்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

“வந்தாச்சு. பீரோல இருக்கு” என்றேன்.

இதைப் பொய் என்று என் மனைவி சொல்கிறாள். நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே சொன்னேன், அவ்வளவுதான். பணம் கொடுத்தவனுக்குப் பத்திரம் வராமல் எங்கே போகும்?

எங்கள் பால்கனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாவது மாடி, சாலையைப் பார்த்த பக்கம். குடிவந்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட அங்கே காய்ந்ததில்லை. மற்ற பால்கனிகளில் உள்பாடி முதல் போர்வை வரை தொங்கும். வீட்டுத் துணி வீதிக்குத் தெரியக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் வேட்டிகளை நானே கஞ்சி போட்டு, குளியலறைக் கம்பியில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்வேன். ஈரவாடை போகவில்லை என்று மனைவி முணுமுணுப்பாள். மருமகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள். நோயாளிகள் பக்கத்தில் நிற்கும்போது தன் உடுப்பிலிருந்து பூஞ்சை வாடை வருகிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை.

கம்பெனி மூடியதும் கட்டடத்துக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். மெக்கானிக் செயலாளர் ஆனார். பேங்க் வீடுகளை ஏலம் விடாமலிருக்கக் கோர்ட்டில் எல்லோரும் சேர்ந்து ஆட்சேப மனு கொடுப்பது, பால்கனிதோறும் பெட்ஷீட்டில் சிவப்பு எழுத்தில் ‘எங்கள் பத்திரம் எங்கே’ என்று எழுதித் தொங்கவிடுவது என்று முடிவானது. பெயிண்ட் என் மகன் கலந்து கொடுத்ததுதான். வெயிலுக்கு வெளுக்காத சிவப்பு. வீடு வீடாக டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தான். எங்களுக்கென்று ஒரு டப்பாவைச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைத்தான்.

மெக்கானிக் மனுவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் வரி என்ன என்று கேட்டேன். “‘எங்களிடம் பத்திரம் இல்லை’ன்னு ஆரம்பிக்குதுங்க ஐயா” என்றார்.

“அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். துணியும் கட்ட மாட்டேன். குடும்ப மானத்தைக் கொண்டுபோய்க் கொடியில காயப் போடச் சொல்றீங்களா?”

அவர் கோபப்படவில்லை. அவருக்கு எல்லாவற்றுக்கும் தொழில்தான் கைகொடுக்கும். “ஐயா, லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கறவங்க எல்லாரும் சேர்ந்துதான் கத்தணும். ஒருத்தர் மட்டும் டையைச் சரிபண்ணிக்கிட்டு கம்முனு நின்னா, மேல இருக்கறவனுக்கு அவர் உள்ள இருக்கறதே தெரியாது.”

“நான் டை கட்டறதில்லை” என்றேன். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனாள். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, இரண்டு பெயர் இருப்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மகன் அந்த மனுவை மேஜைமேல் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவான். திரும்பி வந்து பார்ப்பான். வைத்த இடத்திலேயே இருக்கும். ஒருநாள் மெக்கானிக்கின் மனைவி வந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள், கடைசித் தேதி என்று.

செய்தித்தாளில் கட்டடத்தின் போட்டோ வந்தது. அது எப்படியோ மைத்துனன் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. உடனே கூப்பிட்டான்.

“அத்தான், பாத்தேன். மொத்தக் கட்டடமும் ரத்தம் சொட்டற மாதிரி தொங்குது, உங்க வீடு மட்டும் பளிச்னு இருக்கு. நானும் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். பத்திரம் கையில இருக்கறவன் தெம்பே தனிதான்!”

“ஆமா” என்றேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவன் இத்தனை வருடத்தில் என்னைப் புகழ்ந்தது அன்று ஒருமுறைதான். ஒளிக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

நோட்டீஸ் ஒட்டிய அன்று கோர்ட்டிலிருந்து வந்த பெண்ணும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். மனு கொடுத்த வீடுகளுக்குத் தடையுத்தரவு கிடைத்திருக்கிறதாம். “உங்க வீட்லேர்ந்து ஒரு ஆட்சேபமும் வரலையாம் ஐயா. அதனால உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்களாம்” என்றார் மெக்கானிக். இப்போது கையெழுத்துப் போடலாமா என்று என் மனைவிதான் கேட்டாள். நான் கேட்கவில்லை.

“வக்கீல்கிட்ட நேத்தே பேசிட்டேன்மா. தேதி தாண்டிப் போச்சு” என்றார் அவர்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு லிஃப்டுக்குப் போனாள். மெக்கானிக் அவளுக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று, நம் குடும்பம் இதுவரை யார் வாசலிலும் போய் நின்றதில்லை, இதற்காகவும் நிற்காது என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

“அட்டைப்பெட்டி வாங்கணும்ப்பா” என்றான் மகன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கடைக்கு வந்த ஆளிடம் நிறம் கேட்கிற குரலில் சொன்னான்.

மனைவி உள்ளே போகும்போது மெதுவாகச் சொன்னாள். “மானத்தைக் காப்பாத்தி எங்கங்க வைக்கப் போறீங்க? அதுக்கும் ஒரு வீடு வேணுமே.”

காலி செய்த நாளில் மற்றவர்களைக் கடைசி மூட்டையோடு முன்னால் அனுப்பிவிட்டேன். சாவியை ஒப்படைக்க வேண்டியவன் நான் என்றேன். வெற்று வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. குளியலறைக் கம்பியைத் துடைத்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றிப் பையில் போட்டேன். சமையலறையில் தொட்டிக்குக் கீழே அந்த டப்பா அப்படியே இருந்தது. ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே சிவப்பு இறுகிக் கல்லாகியிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், குச்சியால் குத்தினேன். ஒரு சொட்டும் கரையவில்லை. மூடித் தொட்டிக்குக் கீழேயே திரும்ப வைத்தேன்.

இப்போது பெயிண்ட் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறோம். குறுக்கே ஒரு கயிறு. அதில் நால்வர் துணியும் காய்கிறது, அதுவேதான் எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே மறைப்பு. மைத்துனன் இப்போதும் போன் செய்கிறான். மனைவி எடுத்துப் பேசுகிறாள். பேங்க் அந்த வீட்டை இன்னும் யாருக்கும் விற்கவில்லையாம்.

ஆறாவது மாடிப் பால்கனியில் ஒரு வெள்ளை வேட்டி தொங்குவதாகவும், அவசரத்தில் கிளம்பிய பெரியவர் காயப் போட்டதை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்றும் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்களாம். மெக்கானிக்கே என் மகனிடம் அப்படிச் சொல்லி, எடுத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

மறக்கவில்லை. அது காய்ந்த வேட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. நான்கு முனையையும் கம்பியில் முடிச்சுப் போட்டு நான்தான் கட்டினேன்.