நஸீஹா ஸ்டூடியோவின் அழையா விருந்தாளிகள்

லல்லா கதூஜ் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், கல்யாணத்துக்குக் கூப்பிடப்படாத அவளுடைய நாத்தனார் ஸுலேகா, மணப்பெண்ணுக்கு வலப்பக்கம் நின்று பாதாம் இனிப்பு மென்றுகொண்டிருந்தாள். அன்று முழுக்க ஸுலேகா தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததைத் தெருவே கேட்டிருக்கிறது. படத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை. சரிகை வேலை செய்த வெல்வெட் உடையில் மணப்பெண்ணைவிட எடுப்பாக இருந்தாள்.

மொஸ்தகானெம் நகரத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில் அந்த வசந்தத்தில்தான் நஸீஹா ஸ்டூடியோ திறந்திருந்தாள். கணவனை விட்டு வந்தவள். அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. பெண்கள் கூடும் மண்டபத்துக்குள் ஆண் கேமராவோடு நுழைய முடியாது. விருந்தாளிகளின் செல்போன்களையும் வாசலிலேயே வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். ஆக, கேமரா வைத்திருக்கும் ஒரு பெண் இங்கே பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இரும்புக்கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் அப்துல்ஹக்குக்கு அது குடும்ப மானத்தை ஃபிரேம் போட்டு விற்பதாகப் பட்டது. தங்கையின் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டார். கோடை முடிவதற்குள் வாடிக்கை பிடிக்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார். அந்த அண்ணியின் சமையலறையை ஊரே அறியும். அதற்குப் பழைய கணவனே தேவலை.

எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான். எதையும் முதல் ஆளாகச் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். "யார் வீட்டுக் கல்யாணம் எடுத்திருக்க?" என்று நஸீஹாவைக் கேட்டார்கள். இன்னும் எடுத்ததில்லை என்றாள். எடுத்த பிறகு வா என்றார்கள். உறவுக்காரிகள் அவளுடைய விசிட்டிங் கார்டைப் பிரியத்தோடு வாங்கி ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தார்கள். கடைசியில் எண்ணெய் ஆலை முதலாளியின் மனைவி லல்லா கதூஜ் பெரிய மனது பண்ணினாள். ஊரே அவளை லல்லா என்று மரியாதையாகத்தான் கூப்பிடும், கடனாளிகள் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுவார்கள்.

"காசு கீசுன்னு ஆரம்பிக்காத. என் மக கல்யாணத்த எடு. ஊரெல்லாம் உன் பேரச் சொல்றேன், அது போதாதா?"

போதாதுதான். நஸீஹா சரி என்றாள்.

ஆல்பத்தைப் பார்த்ததும் கதூஜுக்கு மூச்சு வாங்கியது. நாத்தனாரோடு அவள் பேசி வருஷங்களாகின்றன. எல்லாம் குஸ்குஸ் அவிக்கும் ஒரு பானையால் வந்தது.

"இவ எப்படிடி உள்ள வந்தா? நான் கூப்பிடவே இல்லையே."

"வாசல்ல நின்னு ஆள் பாக்குறது என் வேலையா லல்லா? கேமராவுல விழுந்தவங்கள எடுத்திருக்கேன்."

"அழிச்சிடு அவள."

நஸீஹா கம்ப்யூட்டரில் ஸுலேகாவை அழித்தாள். ஸுலேகா பின்வரிசைக்குப் போய் நின்றாள், கொஞ்சம் முறைப்போடு. அங்கும் அழித்தபோது மணப்பெண்ணின் நாற்காலிக் கைப்பிடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். இனிமேல் தொடாதே, மடியில் ஏறிவிடப் போகிறாள் என்று கதூஜே தடுத்துவிட்டாள். பிறகு கொடுத்த வாக்குப்படி ஊரெல்லாம் நஸீஹாவின் பேரைச் சொன்னாள். அந்தக் கோடையில் வேறு எந்தக் கல்யாண வீடும் நஸீஹாவைக் கூப்பிடவில்லை. அப்துல்ஹக் வீட்டில் அவளுக்கான மெத்தையை வெயிலில் காயப்போட்டார்கள்.

அந்த மெத்தை காய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஸுலேகா ஸ்டூடியோவுக்குள் வந்தாள். தன் படத்தைக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் நின்னிருக்கேன். இடுப்புதான் கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு."

இருப்பதிலேயே பெரிய அளவில் ஃபிரேம் போடச் சொல்லி, கேட்ட காசைக் கொடுத்து, கதூஜின் ஜன்னலுக்கு நேரெதிரே தெரியும்படி தன் வீட்டில் மாட்டினாள். மறுநாளே ஆல்பத்தில் இருந்த மற்ற அழைக்கப்படாதவர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முதலில் நிச்சயித்துக் கைவிட்ட பெண் வந்தாள், வாய்க்குப் பயந்து விட்டுவிட்ட பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், நிறுத்தப்பட்ட வேலைக்காரியும் வந்தாள். எல்லோருக்கும் பிரதி வேண்டும், எல்லோருக்கும் இடுப்பில் குறை. அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது தங்கள் வீட்டில் இல்லாமல் போவதா என்று அடுத்துக் கல்யாணம் வைத்திருந்த வீட்டுக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். மெத்தையைச் சுருட்டி உள்ளே வைத்தார்கள்.

முதல் இரண்டு வருஷம் குடும்பங்கள் முன்ஜாக்கிரதையாக ஊரையே அழைத்துப் பார்த்தன. ஆட்டுக்கறி தீர்ந்து, மாமனார்கள் நிலம் விற்றார்கள். அப்படியும் யாராவது ஒருத்தி விடுபட்டுப்போய்ப் படத்தின் நட்டநடுவில் வந்து நின்றாள். பிறகு புத்தி வந்து, யாரைக் கூப்பிடாமல் விடுவது என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். கூப்பிடப்படாதவர்களுக்கும் அது வசதி. மொய் இல்லை, தலை அலங்காரச் செலவு இல்லை, பாட்டுச் சத்தத்தில் காது வலிப்பதில்லை. படத்திலோ தங்களிடம் இல்லாத நகையெல்லாம் போட்டிருந்தார்கள். மேயரின் மனைவி கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு தெருவில் நின்று அழுததை நாங்கள் பார்த்தோம். "எங்களப் போயி கூப்பிட்டுட்டாங்களே, நாங்க என்ன அவ்வளவு கேவலமாப் போயிட்டமா?" மண்டபங்களில் மணப்பெண்ணும் அவள் அம்மாவும் மேளக்காரிகளும் மட்டும் இருந்தார்கள். ஆல்பங்கள் நிரம்பி வழிந்தன.

அப்துல்ஹக் தன் மகள் கல்யாணத்துக்குத் தங்கையைக் கூப்பிடவில்லை. கேமராவில் வந்துவிடுவாளோ என்று பயந்து, ஓரான் நகரத்திலிருந்து வேறொரு பெண்ணைப் படமெடுக்க வரவழைத்தார். அந்தப் பெண்ணின் படங்களில் வந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். பரிதாபமான ஆல்பம்.

அன்று நஸீஹா கடையைத் திறந்தாள். கல்யாணத்துக்கென்று தைத்த உடையைப் போட்டுக்கொண்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் மகளைக் குழந்தையிலிருந்தே தூக்கி வளர்த்தவள் அவள். அழுது முடித்து, நீலத் திரைக்கு முன் தனியாக உட்கார்ந்து, டைமர் வைத்துத் தன்னைத்தானே ஒரு படம் எடுத்தாள். அச்சுப் போட்டுப் பார்த்தால் பக்கத்தில் அண்ணன் நின்றார். கோட்டு சூட்டு, கோணலான டை, அவள் தோள் மேல் ஒரு கை. கடைக்கு வாருங்கள் என்று அவள் அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அதைக் கடை முகப்பில் மாட்டினாள். சில நாள் கழித்து அப்துல்ஹக் தெருவில் நின்றார். ஆணையை மீறாமல், வாசலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கமாகவே நின்றார்.

"டை கோணலா இருக்கு" என்றார்.

"பெருநாளைக்கு நேரா கட்டிட்டு வாங்கண்ணே."

"நான் எங்க வந்தேன்?"

"வரலதான்."

"கூப்பிட்டுத் தொலைச்சுடாத" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அவள் கூப்பிடவில்லை. பெருநாள் படத்தில் டை நேராக இருந்தது.