விழத் தெரியாதவள்

கராத்தேயில் பழுப்புப் பட்டி வாங்கியிருந்த கிருஷ்ணகுமாரிக்கு ஜூடோ வகுப்பில் வெள்ளைப் பட்டிதான் கொடுத்தார்கள். கறுப்புப் பட்டிக்கு ஒரே ஒரு பரீட்சை மிச்சமிருந்தபோது அவளுடைய கராத்தே மாஸ்டர் குவைத்துக்குப் போய்விட்டார். 2003இல் இலங்கையின் பெல்மதுளையில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட வேறு வகுப்பு இது ஒன்றுதான். ஜவுளிக்கடை முஹ்ஸின் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினார்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் அவள் 'கராத்தே குமாரி'. அந்தக் கராத்தே குமாரியை, சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத மல்லிகா தும்பு மெத்தையில் மல்லாக்கத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மல்லிகா பேக்கரியில் பாண் விற்கிறவள். முன்னே பின்னே எந்தச் சண்டையும் பழகாதவள்.

"காலை அகட்டி நிக்காதீங்க தங்கச்சி, அதத்தான் அவ தட்டி விடுறா," என்றார் முஹ்ஸின்.

"இப்படி நின்னாத்தானே மாஸ்டர் பலம்?"

"உதைக்கிறதுக்குப் பலம். இங்க யாரும் உதைக்க மாட்டாங்களே."

ஏழு வருஷம் பழகிய கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. போதாததற்கு, மல்லிகா பிடித்து இழுத்த இழுப்பில் மெல்லிய கராத்தே சட்டை தோளோடு கிழிந்தது. யாரோ சிரித்தார்கள். மல்லிகா மறுபடி பிடிக்க வந்தபோது குமாரியின் கை தானாக எழுந்து அவள் மூக்கில் குத்திவிட்டது. மெத்தையில் இரத்தம் சொட்டியது.

"வேணும்னு குத்தல மல்லிகா, கை அதுவா போயிருச்சு..."

"வலிக்குது அக்கா," என்று மட்டும் சொல்லி மல்லிகா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

முஹ்ஸின் சத்தம் போடவில்லை. "இன்னைக்கு ஓரமா உக்காருங்க," என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குமாரி உட்காரவில்லை, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வழியெல்லாம் குவைத்துக்குப் போன மாஸ்டரை மனசுக்குள் ஏசினாள். ஏசி முடித்தபோது, மல்லிகாவின் மூக்கு உடைந்திருக்குமோ என்ற பயம்தான் மிஞ்சியது.

அடுத்த ஞாயிறு முதலில் பேக்கரிக்குப் போனாள். மல்லிகாவின் மூக்கு உடையவில்லை. வீக்கம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"வகுப்புக்கு வர மாட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா."

"வந்து என்ன செய்ய? விழுறதுதானே எனக்கு வேல."

"விழவும் தெரியலையே ஒங்களுக்கு. கட்ட மாதிரி விழுறீங்க. அதனாலதான் அப்படி வலிக்குது."

குமாரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மல்லிகாவோடு சேர்ந்தே வகுப்புக்கு நடந்தாள். அன்று முழுக்க முஹ்ஸின் அவளுக்கு விழுவதை மட்டுமே பழக்கினார். நாடியை நெஞ்சோடு ஒட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். கையால் மெத்தையை அறைய வேண்டும். கடைசியில் ஒரு தரம் முதுகு நோகாமல் விழுந்தாள்.

"ஆ, இப்ப சரி!"

"விழுந்ததுக்கா மாஸ்டர் சரிங்கிறீங்க?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் முடியும்வரை அவளால் யாரையும் தூக்கிப் போட முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எரிச்சலோடுதான் வீட்டுக்குப் போனாள். ஆனால் வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை.