விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

தேவாலயத்தில் பீடத்துக்கு முன்னால் நிற்கும் கல் வளைவின் உச்சியில், விரிசலின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு நடுவில் உடைந்திருந்தது. மேவிஸ் ஏணியில் நின்றபடி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

போன வருடம் இன்ஜினியர்தான் அதை ஒட்டிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு வருடம் தாங்கினால் தேவாலயம் திறந்திருக்கும், உடைந்தால் பூட்டு. நாளை காலை அவர் வருகிறார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவள் கணவன் பெர்சிக்கு மிஞ்சிப்போனால் பத்து நாள். அந்த வளைவுக்குக் கீழேதான் தன் சவப்பெட்டியை வைக்க வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான்.

"அறுநூறு வருஷமா சாய்ஞ்சுக்கிட்டுதான் நிக்குது," என்றான் ஏணியைப் பிடித்திருந்த க்ளெம். தேவாலயத்தில் மணி அடிப்பவன், பெர்சியின் சிநேகிதன். "குடிச்சிட்டு பப்புலேருந்து வர்ற உன் புருஷன் மாதிரி. என்னிக்காவது விழுந்திருக்கானா?"

"ரெண்டு தடவை."

அந்தக் காலத்தில் வளைவின் தெற்குத் தூணைக் கட்டிய கொத்தனார்கள் கொள்ளைநோயில் செத்துப்போனார்கள். முப்பது வருடம் கழித்து வந்தவர்கள் வடக்குத் தூணை நோயில் செத்தவர்களின் புதைகுழிகள் மேலேயே நிறுத்தினார்கள், அதுவும் ஒல்லியாக. இரண்டு வேலையும் சந்திக்கும் இடத்தில்தான் விரிசல்.

"நான் தக்காளிச் செடி வளக்குற கூண்டுல இதே மாதிரி கண்ணாடி இருக்கு. வெட்டி ஒட்டிடலாம்," என்றான் க்ளெம்.

"கோயில்ல வச்சுப் பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ வாயே தொறக்காத. கண்ணாடி சொல்லட்டும்."

சாயங்காலத்துக்குள் ஒட்டிவிட்டார்கள். பழசாகத் தெரிய க்ளெம் அதன்மேல் தேயிலைத் தண்ணீரும் தூசியும் பூசினான். மேவிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய், "எல்லாம் நல்லபடியா இருக்கு," என்றாள். பெர்சி கண்ணைத் திறக்காமல் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான்.

காலையில் ஏணி தேவைப்படவில்லை. புதுக் கண்ணாடியின் ஒரு பாதி தரையில், பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் கிடந்தது. பழையது எத்தனை மாதம் தாங்கியதோ. இது உடைய ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

"இன்னொரு கண்ணாடி இருக்கு, மேவிஸ்," என்று கிசுகிசுத்தான் க்ளெம்.

"முதல்ல நீ வெளிய வா."

அவன் வந்ததும் கதவைச் சாத்தி, தானே பூட்டினாள். சாவியை இன்ஜினியரிடம் நீட்டினாள்.

"பார்க்க வேண்டாமா?" என்றார் அவர்.

"உடைஞ்சிருச்சு சார். ரெண்டும்."

அவருக்குப் புரியவில்லை. மேவிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு உள்ளே விடுவார்கள். பெர்சி கேட்பான்.