ஜமீன் வாசலில் ரப்பர் செருப்பு

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடர் வந்தால் சத்தியவேட்டில் எங்கள் ஹாஸ்டலே இரண்டு கட்சி. ஜமீன் காலத்துக் கதை. பாதிப் பேர் மூக்கைச் சிந்துவார்கள், மீதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பத்திரிகைகளோ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. விருதுகூடக் கொடுத்துவிட்டார்கள். எனக்கென்ன, கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த காலை நீட்ட அது ஒரு சாக்கு.

அந்த வாரம் மட்டும் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தேன். பண்ணையாள் கிழவர் ஒருவர் ஜமீன் வாசலுக்கு வருகிறார். காலில் இருந்த நீல ரப்பர் செருப்பைக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூனியபடியே உள்ளே போகிறார்.

“ஐயய்ய! வெள்ளக்காரன் காலத்துல ஏதுடி ரப்பர் செருப்பு?” பக்கத்துக் கட்டில் கலைவாணி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு விமர்சகரும் அதையே எழுதினார்: அற்புதமான தொடரில் ஓர் அலட்சியம். இன்னொருவர், அந்தக் கிழவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார் என்று எழுதினார்.

அந்தக் கிழவர் என் அப்பா, என் நைனா கங்கையா. சிரிக்கிறவளிடம் போய் என்னவென்று சொல்வது?

பலமனேர் பக்கம் நடந்த படப்பிடிப்பில் கூட்டத்தோடு நிற்க எங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டிப் போனார்கள். வேட்டி, துண்டு எல்லாம் கொடுத்தவர்கள் காலைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் கத்தினேன். “உன்ன கழட்டச் சொன்னது யாரு நைனா?”

“யாரும் சொல்லலம்மா. பெரிய வாசலப் பாத்ததும் கை தானா பூடுச்சி. நம்ம காலனிப் பசங்களும் திட்டிக்கினுதான் கீறானுங்கோ, மறந்து போன பழக்கத்த டிவில காட்டிட்டியேன்னு. அந்தத் தொடர மறுபடியும் போடுறாங்களாம். அதுக்குள்ள செருப்பு இல்லாம எடுக்கணுமாம். இல்லன்னா என்னத் தூக்கிடுவாங்களாம். நீயும் வாம்மா.”

டிவியில் வருகிறேன் என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி வைத்திருந்த மனுஷன். அது போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அவர் வருகிற இடம் போகக் கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது.

லீவு போட்டுவிட்டுப் போனேன். உதவி இயக்குநர் மரியாதையாகத்தான் சொன்னார். “ஐயா, வெறுங்காலோட வாங்க. அந்தக் காலத்துல ரப்பர் ஏது?”

“அந்தக் காலமா? என் கல்யாணத்துக்கு சித்தூர்ல வாங்கின செருப்பு சார், இதே நீலம். அத இடுக்கிக்கினுதான் ஊர்த்தெருவத் தாண்டுவேன்,” என்றார் நைனா. “வெறுங்காலோட வந்தா நான் எதக் கழட்டினேன்னு ஜனத்துக்கு எப்டித் தெரியும்?”

உதவி இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு இயக்குநரிடம் போனார். திரும்பி வந்து, சரி, போன தடவை செய்தது மாதிரியே செருப்போடு ஒருமுறை எடுத்துவிடலாம் என்றார்.

நைனா நடந்தார். வாசலில் நின்றார். கை செருப்பை நோக்கிப் போனது. சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் நைனா, வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். டப் டப்பென்று செருப்போடு உள்ளே போனார். “கட், கட்!” என்று கத்தினார்கள். அவர் நிற்கவே இல்லை.

மறு ஒளிபரப்பில் அந்த இடமே வரவில்லை.

“எங்கடி அந்தச் செருப்புக் கிழவன்?” என்றாள் கலைவாணி.

“அவரு எங்க நைனாடி,” என்றேன். “செருப்போட உள்ள பூட்டாரு. அதான் காட்டல.”