பிரஸ் அதிர்வு, நீக்கவும்

ஸ்ரீநாத்தை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அவன் எங்கள் கம்பெனி எஞ்சினியர். நான் கருவியை இயக்குகிறவள், ஹேமாவதி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. எங்கள் கருவி தோல்மேல் மெல்லக் காற்றை ஊதும். தோலில் ஓடும் சின்ன அலையை ஒளியால் படம் பிடிக்கும். தோல் இறுகியிருந்தால் அலை வேகமாக ஓடும். ஊசி கிடையாது, வலி கிடையாது. தோல் இறுகும் நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கத்தான் இத்தனையும் என்று வாசலில் பெரிய போர்டு வேறு.

பக்கத்து ஷெட்டில் தகரம் வெட்டும் பிரஸ் ஒன்று. அது அடித்தால் எங்கள் மேசை ஆடும், அளவு கெட்டுப்போகும். அதனால் சாப்பாட்டுச் சங்கு ஊதி, பிரஸ் நின்ற பிறகுதான் அளப்போம். சோதனைக்கு ஆள் போதவில்லை என்று ஜூனில் அந்த ஷெட்டிலிருந்து கமலம் அக்காவைக் கூப்பிட்டேன். விரலின் மேல்புறத்தில் மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அலை பிய்த்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் ஃபைலில் அவர் பெயருக்கு நேராக ஸ்ரீநாத் எழுதியிருந்தான்: "பிரஸ் அதிர்வு, நீக்கவும்."

"சார், அந்த ஷெட்ல இருக்கிறது ஒரே பிரஸ். அதை ஓட்டுறவங்க என் முன்னாடி உக்காந்திருந்தாங்க. அப்புறம் எப்படி சார் அதிரும்?"

"மத்த முப்பது பேரோட ஒத்துவரலை ஹேமா. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும், விடுங்க."

அந்த முப்பது பேரும் எங்கள் மாடியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்கள்; பிரஸ் ஓட்டும் கை அவர்களோடு எப்படி ஒத்துவரும்? அதையாவது சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு அவன் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டேன். வெட்கம் கெட்டவள்.

நேற்று கமலம் அக்கா தானாகவே வந்தார். விரல்கள் பளபளவென்று இறுகியிருந்தன, மடக்க முடியவில்லை.

"சோறு கூடப் பிசைய வரலம்மா. தோலு இறுகுற நோவாம். மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதுன்னு டாக்டரு சொல்றாரு."

ஸ்ரீநாத் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.

"ஹேமா, இவங்களை உடனே அளந்துடுங்க. நமக்கு நல்ல டேட்டா."

கையிலிருந்த ஃபைலை அவன் காலடியில் வீசினேன்.

"அளந்தாச்சு சார்! ஜூன்லயே அளந்தாச்சு. நீங்கதான் நீக்கச் சொன்னீங்க, நான்தான் கையெழுத்துப் போட்டேன்!"

அவன் குனிந்து ஃபைலை எடுத்தான். கமலம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"ஏதோ சரியில்லைன்னு தெரியும்க்கா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"பக்கத்து ஷெட்டுலதானே கீறேன்," என்றார். "ஒரு கொரல் குடுத்திருக்கலாமேம்மா."