நாங்கள் பங்குக்காரர்

குருநகர் மீனவர் சிமியோன் பங்குச்சந்தைக்குள் காலெடுத்து வைத்ததற்குக் காசாசை காரணமில்லை. அறிய வேண்டும் என்ற அரிப்புத்தான் காரணம்.

இரண்டு வருடங்களுக்கு முன் நெடுந்தீவுக்கு மேற்கே ஒரு கப்பல் வந்தது. நீளமான வடம் ஒன்றை இழுத்துக்கொண்டு, வயலை உழுவதுபோல் கடலில் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. பத்து விநாடிக்கு ஒரு தடவை தண்ணீருக்குள் ‘தொம்’ என்று ஒரு சத்தம். படகில் நின்றால் உள்ளங்கால் அதிரும். சிமியோனின் வலையில் பாதியை அந்த வடம் அறுத்துக்கொண்டு போயிற்று. நட்டஈடு கொடுக்க வந்த கொம்பனிக்காரரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“உந்தச் சத்தத்தை வைச்சுக் கீழை என்னத்தைக் கண்டனியள்?”

வந்தவர் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

நாற்பது வருடம் அந்தக் கடலில் தொழில் செய்தவருக்கு அது பொறுக்கவில்லை. நீரோட்டம் எங்கே திரும்பும், கடலடியில் எந்தக் கற்பாரில் எந்த மீன் படுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் கீழே கிடப்பதை எங்கிருந்தோ வந்தவன் அறிந்துகொண்டு, சொல்லாமல் போவதா? கப்பலை அனுப்பிய ‘நோர்த் ஷோல்’ என்ற எண்ணெய்த் தேடல் கொம்பனியின் பங்கு கொழும்பில் விற்கப்படுகிறதென்றும், பங்கு வாங்கியவர்கள் வருடாந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாமென்றும் மகள் ஜெசிதா சொன்னாள். நட்டஈட்டில் பாதிக்கு வலை வாங்கினார். மற்றப் பாதிக்குப் பங்கு. மனைவி அருமைநாயகி மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பங்குத் தரகர் அலுவலகத்தில்தான் அவருக்குத் தம்பிராசா பழக்கமானார். புத்தூரில் வெங்காயம் பயிர் செய்பவர். சிமியோனைவிட ஏழெட்டு வயது மூப்பு. ஒரு போகத்து வெங்காயக் காசை அப்படியே நோர்த் ஷோலில் போட்டிருந்தார். மனிதருக்கு நம்பிக்கை என்றால் அப்படியொரு நம்பிக்கை.

“நான் கிணறு வெட்டேக்கை முப்பதடிக்குக் கல்லு, சிமியோன். சனம் சிரிச்சுது. முப்பத்தோராவது அடியிலை தண்ணி பீறிட்டுது. பூமி அப்பிடித்தான். கடைசி அடி வரைக்கும் ஒண்டும் காட்டாது.”

மாசி மாதம் துளையிடும் மேடை வந்து கடலில் நின்றது. பங்கின் விலை ஏறத் தொடங்கியது. ‘வேலை திட்டமிட்டபடி நடக்கிறது’ என்று கொம்பனி ஒரு வரி அறிவித்தால், அதைத் தம்பிராசா பத்து வரியாக விரித்துச் சொல்வார். பிறகு இரண்டு கிழமை ஓர் அறிவித்தலும் இல்லை. அதுவும் அவருக்கு நல்ல செய்திதான்.

“எண்ணை இல்லாட்டில் இல்லையெண்டு சொல்லியிருப்பினமே. ஏன் வாய் திறக்கினமில்லை? கண்டிட்டினம்!”

வேலணையில் யாரோ மேடையில் நெருப்பு எரிந்ததைக் கண்டதாகவும், எண்ணெய் வந்தால்தான் அப்படி எரியும் என்றும் கதை வந்தது. சிமியோனுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை.

“ஏன் அண்ணை ஊர்க்கதை கேட்டுக்கொண்டு இருக்கவேணும்? போய்ப் பாப்பம்.”

அந்தச் சனிக்கிழமை விடியலில் தம்பிராசா ஒரு குடையோடும் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீரோடும் குருநகர்த் துறைக்கு வந்து சேர்ந்தார். நயினாதீவு வள்ளத்தைத் தவிர வேறு கடற்பயணம் அறியாதவர். பங்குனிக் கடல் அடங்கித்தான் கிடந்தது. ஆனாலும் புங்குடுதீவைத் தாண்டியதும் அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குடித்த தேநீரை முழுவதும் கடலுக்குக் கொடுத்துவிட்டார்.

“திரும்புவமே அண்ணை?”

“வேண்டாம். விடும், விடும். நீர் படகை ஓட்டும்.”

வெயில் ஏறிய பிறகு மேடை தெரிந்தது. மூன்று இரும்புக் கால்களைக் கடலுக்குள் ஊன்றிக்கொண்டு ஒரு சிறிய ஊரே அந்தரத்தில் நின்றது. நெருப்பு ஒன்றையும் காணவில்லை. பாரந்தூக்கி மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கிட்டப் போவதற்குள் ஒரு காவல் படகு குறுக்கே வந்தது. ஒலிபெருக்கி முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில், கடைசியில் தமிழில் கத்தியது.

“இதுக்கங்காலை வரக்கூடாது! படகைத் திருப்புங்கோ!”

அதுவரை சுருண்டு கிடந்த தம்பிராசா எழும்பி நின்று குடையை உயர்த்தினார். “நாங்கள் பங்குக்காரர்!”

காவல் படகில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. தமிழில் கத்தியவன் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு ஓரத்துக்கு வந்தான். பெயர் பிலிப்பு, பேசாலை ஆள், அவனும் மீன்பிடிக்காரன். மற்றப் படகுகளை மறித்து அனுப்புவதற்காகக் கொம்பனி அவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது.

“அப்ப எனக்குச் சம்பளம் தாறது நீங்களோ அண்ணை?”

சிமியோன் இயந்திரத்தை நிறுத்தினார். “தம்பி, நான் எண்ணையைக் கேக்கேல்லை. கீழையிருந்து என்ன வருது? அதை மட்டும் சொல்லு.”

பிலிப்பு மேடையை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அவனிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை போலும்.

“முதல் வெள்ளைக்கல்லு வந்துது. உங்கடை ஊர்க் கிணறுகளிலை இருக்கிற அதே கல்லு. பிறகு சாம்பல் நிறக் களி. களியெண்டால் களி, கிழமைக்கணக்காய்க் களி. கடைசியிலை கொஞ்சம் மணல். இப்ப குழாயளைக் கழட்டிக் கப்பலிலை ஏத்துறாங்கள். வாற கிழமையோடை எனக்கும் வேலை முடியுதாம்.”

சிமியோன் படகைத் திருப்பினார். தம்பிராசாதான் தொடங்கினார்.

“களி நல்லது, சிமியோன். எண்ணையை மேலை வரவிடாமல் மூடி வைச்சிருக்கிறது களிதான். யூரியூப்பிலை பாத்தனான்.”

“அண்ணை, குழாயைக் கழட்டுறாங்களாம்.”

“பெரிய குழாய் போடக் கழட்டுவாங்கள்.”

திங்கட்கிழமை சிமியோன் தரகர் அலுவலகத்துக்குப் போனபோது விலை ஒருநாளும் இல்லாத உயரத்தில் நின்றது. “விக்கப் போறியளோ, ஐயா?” என்று மேசையிலிருந்த பெண் படிவத்தை நீட்டினாள். வாங்கினார், பேனாவையும் எடுத்தார். அப்போதுதான் பக்கத்துக் கதிரையில் தம்பிராசா இருப்பதைக் கண்டார். அவர் முன்னாலும் ஒரு படிவம். இன்னும் வாங்குவதற்கு.

சிமியோன் பேனாவைக் கீழே வைத்தார். தன் பங்கை விற்றால் அதை வாங்கப்போவது இவர், அல்லது இவரைப் போன்ற இன்னொருவர். ஐஸ் போடாமல் பழுதான மீனை, உடன்மீன் என்று சொல்லி ஏலத்தில் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“அண்ணை, இண்டைக்கு வாங்காதேங்கோ. எனக்காண்டி ஒரு கிழமை பொறுங்கோ.”

“விலை ஏறியிடுமடாப்பா!”

“ஏறட்டும். நான் உங்களைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாய்க் கொண்டந்து விட்டனானெல்லோ? அதுக்காண்டி.”

தம்பிராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். சிமியோனும் தன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை அறிவித்தல் வந்தது. வணிக ரீதியில் எடுக்கக்கூடிய எண்ணெய் இல்லை, கிணறு அடைக்கப்படுகிறது. அடுத்த நாள் விலை விழுந்த விழுகையில், சிமியோனின் பங்கெல்லாம் நாலு மீனின் விலைக்கும் காணாது போலிருந்தது. அருமைநாயகி இந்த முறை கோபிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாகச் சுட்டது.

தம்பிராசாவைப் பத்து நாள் காணவில்லை. பதினோராம் நாள் ஒரு பை வெங்காயத்தோடு குருநகர் வந்தார். முற்றத்துக் கதிரையில் இருந்து, கொடுத்த தேநீரை ஆறவிட்டார்.

“சிமியோன், உவங்கள் கடைசி அடி வரைக்கும் தோண்டினவங்களோ?”

“தெரியேல்லை அண்ணை. கூட்டத்திலை கேப்பம்.”

கூட்டம் ஆனி மாதம், இணையவழியில் நடந்தது. ஜெசிதாவின் மடிக்கணினிக்கு முன்னால் இருவரும் சலவை செய்த சட்டையோடு இருந்தார்கள். எல்லோரும் விலையைப் பற்றியே கேட்டார்கள். தலைவர் எழுதி வைத்ததையே திரும்பத் திரும்ப வாசித்தார். தன் முறை வந்ததும் சிமியோன் தமிழில் கேட்டார். ஜெசிதா ஆங்கிலத்தில் சொன்னாள்.

“நான் அந்தக் கடலிலை தொழில் செய்யிறவன். எங்கடை கடலுக்குக் கீழை என்ன கிடக்கு? மேலையிருந்து அடி வரைக்கும் சொல்லுங்கோ.”

தலைவர் தாள்களைப் புரட்டினார். திரையின் மூலையில் அதுவரை பேசாமலிருந்த ஓர் இளம்பெண், கொம்பனியின் நிலவியலாளர், கமெராவுக்குக் கிட்ட வந்தார். ஒரு தாளை எடுத்து, பேனாவால் கோடு போட்டுப் போட்டுச் சொன்னார். மேலே சுண்ணாம்புக்கல். அதன் கீழே, ஆழ்கடலாக இருந்த காலத்துக் களி. அதற்கும் கீழே மணல்.

“நல்ல மணலாம் அப்பா. எண்ணெய் தங்கக்கூடிய மணல். ஆனால் உப்புத்தண்ணிதான் இருந்ததாம். அது கடல் மணல் இல்லையாம். ஆத்து மணல்.”

“ஆறோ?”

“ஓம். கடல் வர முதல் அதிலை ஆறு ஓடினதாம். மணலோடை கரியான மரத்துண்டும் வந்ததாம். காடு இருந்திருக்கு.”

சிமியோன் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார். தான் வலை விட்ட இடத்துக்குக் கீழே ஒரு காடு! குசினி வாசலில் நின்ற அருமைநாயகி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்ன மரமாம்? கேளன் பிள்ளை.”

ஜெசிதா கேட்டாள். அந்தப் பெண் சிரித்தார். தெரியாது, இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, ஆய்வுகூடத்தில் விசாரித்து எழுதுகிறேன் என்றார். தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை சிமியோன் நூறு பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை வந்த விலைக்குக் கொடுத்தார். இந்த நூறு ஏன் என்று மேசையிலிருந்த பெண் கேட்டாள். வருகிற வருடம் கூட்டத்துக்குப் போக வேண்டும், மரத்தின் பேர் வராவிட்டால் கேட்க வேண்டும் என்றார்.

தம்பிராசா ஒன்றையும் விற்கவில்லை.

“மணல் இருக்கெண்டு அந்தப் பிள்ளையே சொல்லிச்சுது, கேட்டனீர்தானே?” என்றார், அலுவலகப் படியில் இறங்கும்போது. “பிழை இடத்திலை தோண்டிப்போட்டாங்கள்.”