ஆகாத தோல்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தோல் டாக்டர்’. டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. முகக் கிரீம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், சரக்கு மனிதத் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் ஆய்வாளர். அதில் பெரிய மாயமில்லை. சம்மதித்து வருபவர்களின் முதுகில் கிரீமைத் துளித்துளியாக வைத்து ஒட்டுப்போட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பிரித்து, சிவந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று விளக்கடியில் பார்க்க வேண்டும். சிவந்தால் வந்தது வினை. மறுபடி சோதனை, மறுபடி தாமதம், மேலாளரின் முகத்தில் எள்ளும் கொள்ளும்.

ஆரம்பத்தில் அண்ணியும் ஒட்டுப்போட வந்துகொண்டிருந்தாள். தையல்காரி, பொறுமைசாலி. ஆனால் அவள் முதுகு மட்டும் பொறுக்காது, எதை வைத்தாலும் சிவந்துவிடும்.

“உங்க தோலுக்குத் தண்ணி பட்டாலே ஆகாது அண்ணி. நீங்க பேசாம வீட்ல இருங்க” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு அரிக்கிறது என்று யார் வாய் திறந்தாலும் அடுத்த முறை அவர்களுக்கு அழைப்புப் போகவில்லை. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நச்சரிப்பு விட்டால் போதும் என்று அவளாகச் செய்ததுதான். கடைசியில் மிஞ்சியவர்கள் சுண்ணாம்பைத் தடவினாலும் சொறியாத ஆட்கள். தோற்கிற பிள்ளைகளையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் பள்ளியில் எல்லாரும் பாஸ் என்று மார்தட்டுவது போல, அவள் கையில் எல்லாக் கிரீமும் தேறியது. மேலாளர் பாராட்டினார். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

புதிதாகக் கண்ணுக்கடியில் தடவும் கிரீம் ஒன்று வந்தது. கடைக்குப் போகுமுன் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். அவள் தன்னுடையதை அண்ணியிடம் நீட்டினாள்.

“இது எனக்கு ஆகுமா பாப்பா?”

“நானே பார்த்துப் பாஸ் பண்ணினது அண்ணி. பயப்படாம போடுங்க.”

அந்த வாரமே அண்ணன் போன் செய்தான். போட்டது போட்டபடி ஓடினாள். அண்ணி தையல் மெஷின் முன்னால், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இமை இரண்டும் வீங்கி, கண் வெறும் கோடாக இருந்தது.

“பார்வைக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ ஏன் இப்படி அரக்கப் பரக்க ஓடி வர்றே? கிரீம் மேல தப்பு இல்ல, என் தோலுதான் ஆகாத தோலு. நீதான் அப்பவே சொன்னியே.”

அவள் அண்ணியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையைப் பார்த்தாள்.

“உன் வேலைக்கு எதுவும் வந்துடாதே பாப்பா? நான் யார்கிட்டயும் மூச்சு விடல. டாக்டர்கிட்ட கூட ஏதோ தூசி விழுந்துச்சுன்னுதான் சொன்னேன்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. கிரீம் மறுநாள் கடைகளுக்குக் கிளம்புகிறது. அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டாள்.

“சார், கண் கிரீமை அனுப்பாதீங்க. ஒருத்தருக்கு இமை வீங்கிடுச்சு.”

“ஒரே ஒருத்தருக்குத்தானே? நம்ம சோதனையில யாருக்கும் வரலியே?”

“வராது சார். அரிக்குதுன்னு சொன்னவங்களை எல்லாம் நான்தான் நிறுத்திட்டேன்.”

மேலாளர் கேட்டார்: “யார் யாரை?”

அவள் ஒவ்வொருவராகச் சொன்னாள். முதுகைச் சொறிந்துகொண்டே வந்த தபால்காரர், ஒட்டுப்போட்ட இடம் தடித்த டீச்சர், முதல் ஆளாக வெளியே போன தன் அண்ணி. லாரியை நிறுத்துவதாகவும், மறுநாள் காலை தன் அறைக்கு வரும்படியும் சொல்லி மேலாளர் போனை வைத்தார்.

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ என் முதுகு சரியாத்தான் சொல்லியிருக்கா, பாப்பா?”

அவள் அண்ணியின் கையிலிருந்த ஊசியை வாங்கி, தானே நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நல்ல கண் இரண்டு இருந்தும், அழுகையில் அவளுக்கும் ஊசியின் காது தெரியவில்லை.